கோயம்புத்தூர்க்காரனுக்குத் தலை நிற்கவில்லை என்று நான் சொன்னது பற்றி

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி,
10 பிப்ரவரி 1977, வியாழன்

மதிப்பிற்குரிய சம்மந்தி மரியான் அவர்கள் சமுகத்துக்கு, பட்டறை சிலுவை மச்சாது தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது.

தாங்களும், தங்கள் வீட்டம்மாள் அவர்களும், மாப்பிள்ளை இனிகோ அவர்களும் கோயம்புத்தூரின் குளிர்ந்த காற்றில் சௌக்கியமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இவ்விடம் நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். என் மனைவி கிளாடிஸ் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, பொய்யைச் சொல்லிக் கடிதத்தை ஆரம்பிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டாள். ஆகையால் பாதி நலம். மீதி நலம் தங்கள் கையில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தங்கள் தந்தி கிடைத்தது. "மூன்றாம் கல்யாண ஓலையை நிறுத்தவும், பெங்களூர் ஆள் யார், உடனே தெரிவிக்கவும்" என்று கேட்டிருந்தீர்கள். சம்மந்தி, பெங்களூர்க்காரன் ஆள் இல்லை. இரும்பு. அன்று நான் கோயம்புத்தூர்க்காரன் என்று சொன்னதும் தங்கள் மகன் இல்லை. அதுவும் இரும்பு. இரண்டும் மில்லிங் மெஷின். பனிமய மாதா மேல் ஆணையாகச் சொல்லுகிறேன், அன்று நான் டெலிபோனில் கத்தியதில் ஒரு சொல்கூடத் தங்கள் மகனைப் பற்றியது இல்லை.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும். என் பட்டறை தங்களுக்குத் தெரியும். பெண் பார்க்க வந்தபோது அதன் சத்தத்தில் நாங்கள் பேசிய எதுவும் காதில் விழாமல் தாங்கள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தீர்கள், அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். விசைப்படகுகளின் காற்றாடித் தண்டு, இஞ்சின் சாமான், புதுத் துறைமுகம் வந்தபிறகு பாரம் இழுக்கிற வின்சுகளின் பல்சக்கரம், இப்படி எல்லாம் நம்மிடம்தான் வருகிறது. கடைசல் மெஷின் இருக்கிறது. ஆனால் சக்கரத்துக்குப் பல் வெட்டுவதற்கும் தண்டில் சாவி உட்காரும் பள்ளம் எடுப்பதற்கும் மில்லிங் மெஷின் வேண்டும், அது நம்மிடம் இல்லை. எல்லாவற்றையும் மதுரைக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. மதுரைக்காரர் வெட்டித் தருவதற்குள் படகு கரையில் கிடக்கும், படகுக்காரர் என் பட்டறை வாசலில் கிடப்பார். மகள் பேபியின் கல்யாணத்தோடு சேர்த்து இதற்கும் ஒரு வழி பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்தது குற்றமில்லை, இரண்டையும் ஒரே மாதத்தில் நினைத்ததுதான் குற்றம்.

பாளையங்கோட்டை ரோட்டில் உப்பளத்தைத் தாண்டி ஒரு சரக்குக் கிட்டங்கியில் இரண்டு மெஷின் விலைக்கு வந்து நின்றன. ஒன்று கோயம்புத்தூரில் செய்தது, புத்தம் புதுசு, பச்சை வர்ணம். இன்னொன்று பெங்களூரில் செய்தது, பழசு, ஏற்கனவே இரண்டு தொழிற்சாலையில் உழைத்தது, வர்ணம் என்று சொல்ல ஒன்றும் பாக்கி இல்லை. பட்டறைக்காரர்களாகிய எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு சம்மந்தி, அதுதான் இத்தனைக்கும் காரணம். கம்பெனிப் பெயர் எல்லாம் இங்கிலீஷில் நீளமாக இருப்பதால், மெஷினை அது பிறந்த ஊரை வைத்துத்தான் கூப்பிடுவோம். பஞ்சாப்காரன் பெல்ட்டை அறுத்துட்டான், ஜெர்மன்காரனுக்கு எண்ணெய் ஊத்து, இப்படித்தான் பேச்சு. நம்மோடு நின்று உழைக்கிறவனை அது இது என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. போதாததற்கு மில்லிங் மெஷினுக்கு மனுசனைப் போலவே தலை உண்டு, கழுத்து உண்டு, மேஜையைத் தாங்குகிற இடத்துக்கு முழங்கால் என்றே பெயர்.

எதை எடுப்பது என்று தெரியாமல் என் மச்சினன் செல்வதுரைக்கு எழுதினேன். கிளாடிஸின் தம்பி. பெங்களூரில் மெஷின் செய்கிற ஒரு பெரிய தொழிற்சாலையில் இருக்கிறான். அவன் வேலை செய்கிற இடத்தில் ஓட்டை போட்ட காகித நாடாவை ஊட்டினால் அதை வாசித்துத் தானாகவே வெட்டுகிற மில்லிங் மெஷின் இருக்கிறதாம், அடுத்தபடியாக அதற்குக் கம்ப்யூட்டரும் வைக்கப் போகிறார்களாம். அப்படி ஒன்று பழசாகக் கிடைக்குமா என்று நான் ஆசையாகக் கேட்டிருந்தேன். அதற்கு அவன், "அத்தான், காகிதம் வாசிக்கிற மெஷினா இருந்தாலும் சரி, கையால சுத்துற மெஷினா இருந்தாலும் சரி, மொதல்ல ரிஜிடிட்டி பாருங்க. ஒடம்பு அசைஞ்சா, எத்தனை அறிவு இருந்தும் தப்பாத்தான் வெட்டும்" என்று எழுதினான். ரிஜிடிட்டி என்பதைத்தான் நாங்கள் பட்டறையில் நிற்பது என்போம். பாரம் ஏறும்போது வளையாமல், நடுங்காமல், இருந்த இடத்தில் இருப்பது. நிக்கான், நிக்கல, அவ்வளவுதான்.

அதைப் பார்க்கிற வழியும் அவனே எழுதியிருந்தான். மெஷினின் மேஜையில் முள் வைத்த டயலை நிறுத்தி, முள்ளின் நுனி தலையைத் தொடும்படி வைக்க வேண்டும். தலையில் ஒரு கொக்கியை மாட்டி, இரண்டு மெஷினையும் ஒரே அளவு விசையோடு இழுக்க வேண்டும். எந்த மெஷினில் முள் குறைவாக நகருகிறதோ அதுவே நிற்கிற மெஷின். விசையை அளக்கத் தராசு வேண்டும் என்றான். என்னிடம் ஏது தராசு? கரையில் சூரை மீன் நிறுக்கிற கொக்கித் தராசை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். கிட்டங்கி முழுக்க மீன் வாடை. எங்கிருந்தோ இரண்டு பூனைகள் வந்து பெங்களூர்க்காரன் காலடியில் உட்கார்ந்துகொண்டன. டயல் முள் நகருவது என் கண்ணாடிக்குத் தெரியாது என்பதால், கல்லூரியில் பௌதிகம் படித்த பேபியையும் கூட்டிப் போனேன். அவள் முள்ளைப் பார்த்தாள், நான் இழுத்தேன். பிறகு அவள் இழுத்துப் பார்த்தாள், நான் பார்ப்பதுபோல் நின்றேன்.

கோயம்புத்தூர்க்காரன் முள்ளைத் துள்ள வைத்துவிட்டான். பெங்களூர்க்காரன் முள் இருந்த இடத்தைவிட்டு அசைய மனசில்லாமல் நின்றது. அப்புறம் ஒரே துண்டு இரும்பை இரண்டிலும் வெட்டிப் பார்த்தோம். கோயம்புத்தூர்க்காரனுக்கு வேகம் அருமை, அதை மறைக்கக் கூடாது. லேசாக வெட்டும்வரை தங்கமான பிள்ளை. கொஞ்சம் ஆழமாக இறக்கியதும் ஒரு நடுக்கம், ஒரு கூச்சல், வெட்டின முகம் ஓலைப்பாய் மாதிரி வரி வரியாக வந்தது. பெங்களூர்க்காரன் மெதுவாகத்தான் வெட்டினான், ஆனால் வெட்டின இடத்தில் முகம் பார்க்கலாம்.

இதைச் செல்வதுரைக்குச் சொல்ல, செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் இரும்புக் கடைக்குப் போய் டிரங்க் கால் போட்டேன். எங்கள் தெருவில் அங்கேதான் டெலிபோன் இருக்கிறது. லைன் கிடைத்தபோது கடையில் கூட்டம். லைனோ, அவன் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. நான் கத்தாவிட்டால் அவனுக்குக் கேட்காது. ஆகையால் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதைத் தங்களிடம் மறைக்காமல் அப்படியே எழுதுகிறேன்.

"மச்சான், கேக்குதா? கோயம்புத்தூர்க்காரன் சரிப்பட மாட்டான். தலை நிக்கல. ஆமா, தலை. லேசா இழுத்தாலே இழுத்த பக்கம் சாயுதான். பாக்க ஆளு பளபளன்னு இருக்கான், வேகமும் இருக்கு, பாரத்த ஏத்துனா நடுங்குதான். பெங்களூர்க்காரன் வயசாளிதான், ரெண்டு எடத்துல இருந்துட்டு வந்தவன். ஆனாலும் நிக்கான் மச்சான், அசையாம நிக்கான். பேபிக்கும் அவனத்தான் பிடிச்சிருக்கு. காலைலயே கிட்டங்கிக்கு வந்து அவளே ரெண்டு பேரையும் இழுத்துப் பாத்துட்டா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசைக் கையில் பிடித்தபடி நிற்கிறான். தங்கள் தங்கை அந்தோணியம்மாள் அவர்கள் கதவுக்குக் கொண்டி வாங்க வந்து, கொண்டியும் கையுமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். கேட்டதைத்தான் கேட்டார்கள், சொன்னவன் நான். ஆனால் கொண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கொண்டி இல்லாமலே கோயில் பக்கம் நடந்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

செந்தூர்பாண்டி அண்ணாச்சி மெதுவாக என் பக்கத்தில் வந்து, பெங்களூர்க்காரன் எப்போது வருகிறான் என்று கேட்டார். அவருக்கு என் மெஷின் விஷயத்தில் எவ்வளவு அக்கறை என்று நான் நெகிழ்ந்து போய், வருகிற செவ்வாய்க்கிழமை, தானாக வரமாட்டான், லாரியில் கட்டித்தான் தூக்கி வரவேண்டும் என்று சொன்னேன். அவர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள், இரண்டு இடத்தில் இருந்துவிட்டு வந்தவன் இரண்டு தாரம் கட்டியவன் ஆகிவிட்டான். அசையாமல் நிற்கிறவன் பட்டாளத்துக்காரன் ஆனான். பட்டாளத்துக்காரனுக்கு ஓய்வூதியம் உண்டு என்று கடற்கரைப் பக்கம் கொஞ்சம் பேர் எனக்கு ஆதரவாகவும் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தால் கிளாடிஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, யார் அந்தக் கிழவன் என்று கேட்கிறாள். கோயம்புத்தூர்க்காரன் என்று என் வாயால் நானே சொன்னேனா என்று அவள் கேட்டாள், சொன்னேன் என்று நானும் ஒப்புக்கொண்டேன். என்ன கேட்கிறாள் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. சம்மந்தி, எனக்கு எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கும், அதற்கு என் பட்டறைச் சத்தம்தான் காரணம் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

மறுநாள் பங்குச்சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று ஞாயிறு கோயிலில் வாசிக்க வேண்டிய கல்யாண ஓலை இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. இந்தக் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று அவர் கேட்டபோது இரண்டு ஞாயிறும் கோயிலில் ஒரு இருமல்கூட எழவில்லை. நான் போனபோது சாமியார் முகம் நன்றாக இல்லை. பெங்களூர்க்காரன் கத்தோலிக்கனா என்று முதல் கேள்வி. புது மெஷினை மந்திரித்து வைக்கத் தானே வருவதற்காகக் கேட்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"தெரியல சாமி, முன்ன இருந்த எடத்துல வருசா வருசம் சந்தனம் வச்சு மாலை போட்டிருக்காங்க. இங்க வந்ததும் நீங்க ரெண்டு சொட்டுத் தீர்த்தம் தெளிச்சிட்டாப் போதும்" என்றேன்.

சாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஞானஸ்நானம் அவ்வளவு லேசான காரியம் இல்லை என்றார். இருக்கட்டும் சாமி, எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள் என்றேன். பேபிக்குச் சம்மதமா என்று கேட்டார். அவள்தான் பிடிவாதமாக இருக்கிறாள், கோயம்புத்தூர்க்காரனைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லுகிறாள் என்றேன்.

"அப்ப எதுக்குலே என்ன ரெண்டு ஞாயிறா ஓலை வாசிக்க வச்ச?" என்று கேட்டார்.

அந்த ஓலை என்ற சொல் காதில் விழுந்தபிறகுதான் சம்மந்தி, என் தலைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. அண்ணாச்சி கொடுத்த தண்ணீர், கிளாடிஸின் முந்தானை, அந்தோணியம்மாள் அவர்கள் விட்டுப்போன கொண்டி, எல்லாம். அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளதைச் சொன்னதும் சாமியார் சிரித்தார், ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டிலிருந்து தடை வந்திருக்கிறது, அவர்கள் வாயால் அது நீங்கும்வரை மூன்றாம் ஓலையை நான் வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வது நியாயம். அதற்குள் தங்கள் தந்தியும் வந்து சேர்ந்தது.

இந்த ஞாயிறு ஓலை வாசிக்காவிட்டால் அடுத்த புதன் கல்யாணம் இல்லை. அதைவிட்டால் தவசுகாலம் பிறந்துவிடும், ஈஸ்டர் பாஸ்கா முடியும்வரை எந்தக் கோயிலிலும் கல்யாணம் இல்லை. அத்தனை நாள் ஒரு பெண்ணைப் பற்றி ஊர் பேசிக்கொண்டிருந்தால் பிறகு எந்தக் கல்யாணமும் இல்லை. பேபி என்னிடம் கோபமாகப் பேசினால்கூடத் தாங்கிக்கொள்வேன். அவள் பேசவே இல்லை. அப்பா சொன்ன வார்த்தையை அவர் நம்பியிருப்பாரோ என்று அம்மாவிடம் மட்டும் கேட்டாளாம். ஒரே மகள் சம்மந்தி. என் வாயால் அவள் வாழ்க்கை கெட்டுவிடுமோ என்று எனக்கு உண்மையாகவே பயமாக இருக்கிறது.

மாப்பிள்ளையைப் பற்றி எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பம்பு செய்கிற கம்பெனியில் வரைபட அறையில் வேலை, குனிந்த தலை நிமிராமல் கோடு போடுகிறவர், பெண் பார்க்க வந்தபோது காபியைச் சிந்தாமல் குடித்தவர். அவருக்குத் தலை நிற்கிறது, கழுத்து நிற்கிறது, எல்லாம் நிற்கிறது. இதை நான் எந்தக் கடையில் நின்று வேண்டுமானாலும் கத்தத் தயார்.

நான் சொல்வது மெய் என்று தங்களுக்குக் காட்ட ஒரு காரியமும் செய்ய முடிவு பண்ணிவிட்டேன். பெங்களூர்க்காரன் வேண்டாம். கோயம்புத்தூர்க்காரனையே எடுத்துக்கொள்ளுகிறேன். தலை ஆடினால் ஆடட்டும், நான் லேசாக வெட்டிக்கொள்ளுகிறேன், ஒரு தடவையில் வெட்டுகிறதை நாலு தடவையில் வெட்டினால் போச்சு. பட்டறை வாசலில் கோயம்புத்தூர்க்காரன் வந்து இறங்குவதை ஊர் பார்க்கட்டும், பிறகு யார் என்ன பேசுகிறார்கள் பார்ப்போம். செல்வதுரை இதைக் கேட்டால் என்னோடு பேச மாட்டான். பரவாயில்லை, டிரங்க் காலுக்கு வேலை இல்லை.

ஆகவே தாங்கள் பெரிய மனசு பண்ணி, தடை இல்லை என்று பங்குச்சாமியாருக்கு ஒரு தந்தி சனிக்கிழமைக்குள் அடித்துவிட வேண்டியது. தபாலில் போட்டால் வந்து சேருமோ என்னவோ என்று, கோயம்புத்தூருக்கு உப்பு ஏற்றிப் போகிற லாரி டிரைவர் பொன்னுதுரை கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவருக்கு ஒரு வாய் காபி கொடுத்து அனுப்பவும்.

தங்கள் குடும்பத்தை மாதா தன் நிழலில் வைத்துக் காக்கட்டும். வீட்டம்மாளுக்குக் கிளாடிஸின் அன்பு. மாப்பிள்ளைக்கு எங்கள் எல்லாருடைய ஆசீரும், அதோடு நான் கேட்கும் மன்னிப்பும்.

இப்படிக்கு,
வாயால் கெட்டு நிற்கும் தங்கள் சம்மந்தி,
சிலுவை மச்சாது

பின்குறிப்பு: சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டின கடிதத்தைப் பொன்னுதுரையிடமிருந்து திரும்ப வாங்கிப் பிரித்து இதை எழுதுகிறேன். லாரி வாசலில் நிற்கிறது, அவர் ஹாரன் அடித்தபடி இருக்கிறார்.

கோயம்புத்தூர்க்காரனை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று பேபியோடு கிட்டங்கிக்குப் போயிருந்தேன். அங்கே சட்டைக் கையை மடக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்று, பெங்களூர்க்காரன் எங்கே என்று கேட்கிறார். பார்த்தால் மாப்பிள்ளை இனிகோ. கயத்தாறில் பஸ் கெட்டு, மீதி தூரம் வைக்கோல் லாரியில் வந்திருக்கிறார், தலையெல்லாம் வைக்கோல். பேபி கையைக் காட்டினாள். "இந்தா நிக்கான்" என்றாள்.

அவர் பெங்களூர்க்காரனைச் சுற்றி வந்தார். பூனைகளையும் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கோயம்புத்தூர்க்காரன் பக்கம் திரும்பி, அதன் நெற்றியில் இருந்த தகட்டை வாசித்தார். சிரிப்பு போய்விட்டது. மீன் தராசை வாங்கி அவரே இழுத்துப் பார்த்தார், இரண்டு தரம். அப்புறம் கிட்டங்கிக்காரர், நான், பேபி மூன்று பேர் முன்னாலேயும் சொன்னார்:

"மாமா, நீங்க போன்ல சொன்னது சரிதான். இந்தத் தலை நிக்காது. கனத்தக் கொறைக்கச் சொன்னாக, நான் கொறைக்கக் கூடாத எடத்துல கொறச்சிட்டேன். இத வரைஞ்சது நாந்தான்."

அவருடைய கம்பெனி பம்பு மட்டும் செய்கிறது என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் சம்மந்தி. மெஷினும் செய்கிறதாம். கிட்டங்கிக்காரர் அவர் வாயைப் பொத்தாத குறையாகப் பக்கத்தில் ஓடினார். மாப்பிள்ளை விடவில்லை, எந்த இடத்தில் இரும்பு பற்றவில்லை என்று சாக்கட்டியால் கோடே போட்டுக் காட்டிவிட்டார். இதை அப்பாவிடம் சொல்லாமலே இருந்திருக்கலாமே என்று பேபி கேட்டாள். சொல்லாவிட்டால் மாமா இதை வாங்கிவிடுவார்களே, பிறகு நான் எந்த முகத்தோடு விருந்துக்கு வருவது என்றார். இத்தனை நாள் என்னோடு பேசாத பெண் சிரித்தாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "கோயம்புத்தூர்க்காரர் நிப்பாரும்மா" என்றாளாம். மெஷினுக்கு ஒருநாளும் நாங்கள் கொடுக்காத மரியாதை அது, கிளாடிஸ் அதைக் கேட்டு மறுபடியும் முந்தானையை எடுத்துவிட்டாள், இந்தத் தடவை வேறு காரணத்துக்கு.

ஆகையால் மேலே எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டு வாசிக்கவும். ஒரு சொல்கூடத் தங்கள் மகனைப் பற்றியது இல்லை என்று மாதா மேல் ஆணையிட்டிருந்தேன். தலையைப் பற்றிச் சொன்னது பூராவும் அவர் கைவேலையைப் பற்றியதுதான், அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். ஆணையை நான் மாதாவிடம் தீர்த்துக்கொள்ளுகிறேன். கோயம்புத்தூர்க்காரனை எடுத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தேன், அதைத் தங்கள் மகனே தடுத்துவிட்டார். தந்தி அடிக்கவும் கேட்டிருந்தேன், அதுவும் வேண்டாம். மாப்பிள்ளை நேரே சாமியாரிடம் போய்த் தடை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், ஞாயிறு மூன்றாம் ஓலை உண்டு. தங்களிடம் திருச்சிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்ததைத் தங்களுக்கு எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அதை நான் எழுதவில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. கிட்டங்கியை விட்டுக் கிளம்பும்போது மாப்பிள்ளை பெங்களூர்க்காரன் முதுகில் தட்டி, "இவனையே எடுத்துக்கிடுங்க மாமா, பேபிக்கும் அதுதான் நல்லது" என்று கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தங்கள் தங்கை அந்தோணியம்மாள் அவர்கள் வாசலைக் கடந்து போனார்கள். இப்போது தந்தி ஆபீஸ் பக்கம் வேகமாகப் போவதாகப் பொன்னுதுரை சொல்லுகிறார். அவர்கள் தந்தி இந்த லாரிக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடும். தயவுபண்ணி அதைப் பிரிக்காமல் வைத்துவிட்டு, சனிக்கிழமை பஸ் ஏறவும்.